மூலை வெட்டாத தட்டு

அந்தப் பட்டுப்புழு ஆராய்ச்சி நிலையத்தில் அண்ணியை அண்ணி என்று கூப்பிட உரிமை உள்ளவள் ஒரே ஒருத்திதான், அவள் புருஷனின் தங்கை. ஆனால் அந்த ஒருத்தி ஆய்வுக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே வாசலில் நின்றுகொண்டு, "அண்ணீ, சாப்பாட்டு டப்பாவ மறந்துட்டீங்க" என்று ஊரே கேட்கக் கத்தித் தொலைத்தாள். அன்றிலிருந்து காவலாளிக்கும் அண்ணி, தோட்டக்காரர்களுக்கும் அண்ணி, அறுபதை எட்டிப்பிடிக்கப் போகிற டாக்டருக்கும் அண்ணி. நாற்பத்தெட்டு வயதில் ஒரே நாளில் இத்தனை கொழுந்தன்களைச் சம்பாதித்தவள் வேறு எங்கேயும் இருக்க மாட்டாள்.

டாக்டர் என்றால் ஊசி போடுகிற டாக்டர் இல்லை. புழுக்களைப் பற்றி ஆராய்ச்சி செய்து பட்டம் வாங்கியவர், நிலையத்தின் தலைவர். இருமல், மூட்டுவலி என்று அக்கம்பக்கத்திலிருந்து வருகிறவர்களுக்கு விளக்கம் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய், இப்போதெல்லாம் "வெந்நீர் குடிங்க" என்று மட்டும் சொல்லி அனுப்புகிறார். பாதிப் பேருக்குச் சரியாகியும் விடுகிறது.

நாத்தனாருக்குச் சொட்டு என்று பேர் வைத்தவள் அண்ணி. கண்ணுக்கே தெரியாத அளவு திரவத்தை ஒரு குழாயிலிருந்து உறிஞ்சி, இன்னொரு குழிக்குள் சொட்டு விடுவதுதான் அவள் வேலை. நாள் முழுக்க இதையே செய்வாள். முதன்முதலில் அதை எட்டிப் பார்த்த அண்ணி, "இதுக்கா இத்தனை வருஷம் படிச்சே? சொட்டு மருந்து விடுற வேலைக்கா?" என்றாள். பேர் ஒட்டிக்கொண்டது. முப்பத்துமூன்று வயதுப் பெண்ணை எல்லோரும் சொட்டு என்கிறார்களே என்று அவளுக்கு ஆரம்பத்தில் கோபம் வந்ததுண்டு. இப்போது யாராவது முழுப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க மறந்துவிடுகிறாள்.

இரண்டு பேரும் செய்தது ஒரே வேலையைத்தான், ஆனால் இரண்டு வழியில்.

ஒரு கூட்டில் கிடைக்கிற பட்டின் அளவைக் கூட்ட வேண்டும், அதற்காக ஒரு புது இனத்தை உருவாக்க வேண்டும் என்பது நிலையத்தின் திட்டம். மூன்று வருஷம் ஆகிவிட்டது, இது எட்டாவது தலைமுறை. ஒவ்வொரு தலைமுறையிலும் தொண்ணூற்றைந்து தாய்ப் பூச்சிகள். ஒவ்வொன்றும் தனக்கென்று கொடுத்த அட்டையில், கவிழ்த்த பிளாஸ்டிக் கிண்ணத்துக்கு அடியில், நானூறு ஐந்நூறு முட்டை இட்டுவிட்டுச் செத்துப்போகும். முட்டை அட்டைக்கு என்ன எண்ணோ அதே எண்தான் அந்தப் பூச்சி துளைத்து வெளியே வந்த காலிக் கூட்டுக்கும், வெட்டி எடுத்து வைத்த அதன் கால்களுக்கும். தொண்ணூற்றைந்து அட்டைகளில் பன்னிரண்டு மட்டும் அடுத்த தலைமுறைக்குப் போகும். மிச்சம் வெந்நீருக்குப் போகும்.

எந்தப் பன்னிரண்டு என்பதுதான் கேள்வி. சொட்டு பூச்சியின் காலை அரைத்து, அதிலுள்ள மரபணுவில், அதிகம் பட்டு நூற்கிற வம்சத்துக்கு உரிய அடையாளங்கள் இருக்கின்றனவா என்று பார்த்துப் பட்டியல் போடுவாள். அண்ணி காலிக் கூட்டைக் கையில் எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு, இடுப்புப் பகுதியைக் கட்டைவிரலாலும் இரண்டு விரல்களாலும் லேசாக அழுத்தி, உருட்டி, ஓட்டின் திண்மையைப் பார்த்துப் பட்டியல் போடுவாள். அண்ணியின் பட்டியலை யாரும் கேட்கவில்லை. இருபத்திரண்டு வருஷமாகப் போட்டுக்கொண்டிருக்கிறாள், டாக்டரும் போகட்டும் என்று விட்டிருந்தார். இரண்டு பட்டியலையும் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் காந்தத்தை வைத்து ஒட்டி, எத்தனை எண் ஒத்துப்போகிறது என்று பார்ப்பது குடும்பப் பொழுதுபோக்கு. எப்போதும் எட்டு, ஒன்பது ஒத்துப்போகும். ஒருமுறை பத்து. அன்றைக்கு அண்ணி தரையில் கால் பாவாமல் நடந்தாள்.

அந்த விரல்களைச் சொட்டுவின் தலைக்கு நன்றாகத் தெரியும். கல்யாணமாகி வந்த முதல் வாரமே அண்ணி பத்து வயது நாத்தனாரைப் பிடித்து உட்காரவைத்துப் பேன் பார்த்தாள். ஒரு ஈர்கூடத் தப்பவில்லை. வலியில் அலறிய அலறலில் பக்கத்து வீட்டுக்காரர், புது மருமகள் கொடுமைக்காரி என்று முடிவே கட்டிவிட்டார்.

இந்த எட்டாவது தலைமுறையில் திங்கட்கிழமை மாலை இரண்டு பட்டியலும் கதவில் ஏறின. சொட்டு ஒரு கையில் காபியோடு படித்தாள். அண்ணியின் பட்டியல் மூன்று, பதினொன்று, பத்தொன்பது, இருபத்துமூன்று என்று தொடங்கியது. ஆய்வுக்கூடத்துப் பட்டியல் ஒன்பது, பதினைந்து, இருபத்தேழு, முப்பத்தாறு என்று போனது. கடைசிவரைக்கும் போய்ப் பார்த்தாள். மறுபடி மேலிருந்து வந்தாள்.

"எத்தனைடி?" என்று அடுப்பங்கரையிலிருந்து அண்ணி கேட்டாள்.

"இருங்க, சரியாப் பாக்கறேன்."

"பன்னெண்டு நம்பரைப் பாக்க உனக்கு மைக்ராஸ்கோப் வேணுமா? எத்தனை?"

"ஒண்ணுகூட இல்ல அண்ணி."

அண்ணி கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு எண்ணாகத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் தன் விரல் நுனிகளைப் பார்த்தாள். அந்தப் பார்வையைச் சொட்டு பார்த்திருக்க வேண்டாம். பார்த்துவிட்டாள்.

"இந்தத் தடவை வெயில் கொளுத்திச்சுல்ல, இலையெல்லாம் வாடிப்போச்சுல்ல? கூடு எல்லாம் தாறுமாறாத்தான் இருக்கும். கூட்டை நிறுக்கிற தராசையே நம்பாதீங்கன்னு டாக்டர் சொல்லிட்டாரே" என்று சொட்டு சமாதானம் சொன்னாள். டாக்டர் அப்படிச் சொன்னது உண்மைதான். நன்றாகத் தின்றதால் கனத்த கூடா, பிறவியிலேயே கனத்த கூடா என்று தராசுக்குத் தெரியாது, மரபணுவுக்குத்தான் தெரியும் என்பது அவர் கட்சி. இனி ஆய்வுக்கூடத்துப் பட்டியல் ஒன்றே போதும் என்றுகூட அன்று மத்தியானம் சொல்லியிருந்தார்.

"வெயில் போன வருஷமும்தான் அடிச்சுது" என்றாள் அண்ணி. "வயசாகுது. தோல் தடிச்சுப்போச்சு. நீ உக்காந்து எனக்கு ஒரு லெட்டர் எழுதிக் குடு. ஆபீஸ் தமிழ் எனக்கு வராது."

"என்ன லெட்டர்?"

"இலைப் பிரிவுக்கு மாத்திடச் சொல்லி. தெரியாத கையை வச்சுக்கிட்டு நான் எதுக்கு அங்க உக்காந்திருக்கணும்? மல்பெரி இலை பறிக்கிறதுக்கு விரல் நுனி எதுக்கு?"

பஸ் ஓட்டிவிட்டு வந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்த அண்ணன், "தோட்ட வேலை நல்ல காத்தோட்டமான வேலைதானே" என்று வாயைக் கொடுத்தார். அண்ணி பார்த்த பார்வையில், நீட்டிய காலைத் தானாகவே மடக்கிக்கொண்டார்.

சொட்டு எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். அண்ணி பிடிவாதமாக நின்றாள். கடைசியில் சொட்டுவே எழுதினாள்: "எனது கைவிரல்களின் உணர்திறன் குறைந்துவிட்ட காரணத்தால், என்னைத் தேர்வுப் பணியிலிருந்து விடுவித்து இலைப் பிரிவுக்கு மாற்றித் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்." அழகான கையெழுத்து. அண்ணி கீழே பேரெழுதினாள். இங்கே ஒன்றை மறைக்கக் கூடாது. எழுதும்போது சொட்டுவுக்கு வருத்தமாக இருந்தது, அது நிஜம். ஆனால் மனசுக்குள் எங்கேயோ ஒரு குட்டிச் சந்தோஷமும் துள்ளியது. மூன்று வருஷமாக "உன் மெஷினுக்கு முன்னாடியே என் கைக்குத் தெரியும்" என்று கேட்டுக் கேட்டுப் புளித்துப்போயிருந்தது அவளுக்கு. கடைசியில் மெஷின் ஜெயித்துவிட்டது. அந்தச் சந்தோஷத்தைப் பிற்பாடு நினைக்கும்போதெல்லாம் அவளுக்குக் கூசியது.

டாக்டர் செவ்வாய்க்கிழமை வெளியூரில் ஒரு கூட்டத்துக்குப் போய்விட்டார், வியாழக்கிழமைதான் வருவார். கடிதம் அவர் மேசையில் கண்ணாடிக் குண்டுக்கு அடியில் காத்திருந்தது. கழித்த எண்பத்துமூன்று அட்டைகளை வியாழன் மத்தியானம் பன்னிரண்டு மணிக்குள் வெந்நீரில் போட்டு அழிக்க வேண்டும் என்று உத்தரவு. அதைச் செய்ய வேண்டியவளும் அண்ணிதான்.

இடைப்பட்ட நாளில் வீட்டில் ஒரு வித்தியாசம். கடையில் தக்காளியை ஒவ்வொன்றாகத் தொட்டு, அமுக்கி, கடைக்காரர் பொறுமையைச் சோதித்துத்தான் அண்ணி வாங்குவாள். புதன்கிழமை, "நீங்களே எடுத்துப் போடுங்க" என்று சொல்லிவிட்டாளாம். கடைக்காரர் பயந்துபோய், உடம்பு சரியில்லையா என்று அண்ணனிடம் விசாரித்திருக்கிறார். பையில் மூன்று தக்காளி அழுகல். அண்ணி அவற்றைப் பேசாமல் ஒதுக்கி வைத்ததை அண்ணன் பார்த்தார். தங்கையை மாடிப்படியில் நிறுத்தி, "ஏதாவது பண்ணு. அவ திட்டாம இருக்கிறதுல எனக்குச் சாப்பாடே இறங்க மாட்டேங்குது" என்றார்.

என்ன பண்ணுவது? மெஷின் சொன்னதை மாற்றவா முடியும்?

வியாழக்கிழமை காலை பதினொன்றே கால். சொட்டு அடுத்த வேலையான ஆண் பூச்சிகளின் கால்களைச் சோதிக்க உட்கார்ந்தாள். சோதனைக்கு உள்ளங்கை அளவில் ஒரு பிளாஸ்டிக் தட்டு உண்டு. அதில் எட்டு வரிசை, வரிசைக்குப் பன்னிரண்டு, ஆகத் தொண்ணூற்றாறு குழி. ஒன்று முதல் தொண்ணூற்றைந்து வரை பூச்சிகள். தொண்ணூற்றாறாவது குழியில் வெறும் தண்ணீர். அது காலி என்றே பதில் வர வேண்டும், வந்தால்தான் சோதனை சுத்தம். தட்டை நிரப்பி மூடி, பி.சி.ஆர். மெஷினுக்குள் வைத்துவிட்டால், எந்தக் குழியில் அடையாளம் இருக்கிறது என்று அது சொல்லும்.

புதுத் தட்டை உறையிலிருந்து எடுத்தாள். எடுத்தவுடன் அவள் கட்டைவிரல் வழக்கம்போல் மூலைக்குப் போயிற்று. மூன்று வருஷப் பழக்கம். தட்டின் ஒரு மூலை சாய்வாக வெட்டியிருக்கும், அந்த மூலை எப்போதும் இடது பக்கம், தன்னைப் பார்த்து. எழுத்து அச்சிட்டிருக்கும்தான், ஆனால் நிறமில்லாத பிளாஸ்டிக்கில் நிறமில்லாத எழுத்து, அதை யார் பார்த்தார்கள்? எல்லோருக்கும் மூலைதான் கணக்கு.

கட்டைவிரல் முதல் மூலையைத் தடவியது. அடுத்த மூலைக்குப் போனது. மூன்று, நான்கு. எங்கேயும் வெட்டு இல்லை.

பெட்டியைப் பார்த்தாள். போன வாரம் வந்த புதுச் சரக்கு, வேறு கம்பெனி. நான்கு மூலையும் ஒரே மாதிரி. இதே பெட்டியிலிருந்துதான் தாய்ப் பூச்சிகளுக்கும் தட்டு எடுத்திருந்தாள். அன்றைக்குத் தட்டை மூடிய பிறகு வாசலில் ஒரு பார்சலுக்குக் கையெழுத்துப் போடப் போய்விட்டு, அவசரமாக வந்து மெஷினுக்குள் வைத்தாள். எந்தப் பக்கம் பார்த்து வைத்தாள்?

நோட்டைப் புரட்டினாள். அவள் கையெழுத்தில் அவளே எழுதியிருந்தாள்: "1 - காலி. கால் சரியாக அரைபடவில்லை. 96 - காலியாக இல்லை. பக்கத்துக் குழியிலிருந்து தெறித்திருக்கலாம்."

முதலாவது காலியாம், கடைசியில் ஆள் இருக்கிறதாம். கண் எதிரே உண்மை உட்கார்ந்து கையாட்டியிருக்கிறது, இவள் அதற்கு இரண்டு சாக்கு எழுதி வைத்து அனுப்பியிருக்கிறாள். படித்தவளுக்குத்தான் இவ்வளவு சாமர்த்தியமாகச் சாக்கு எழுத வரும்.

தட்டு திரும்பி உட்கார்ந்திருந்தால் முதல் குழி தொண்ணூற்றாறு, இரண்டாவது தொண்ணூற்றைந்து. எந்த எண்ணையும் தொண்ணூற்றேழிலிருந்து கழித்தால் உண்மையான எண் வரும். ஒன்பதைக் கழித்தால் எண்பத்தெட்டு. அண்ணியின் பட்டியலில் எண்பத்தெட்டு உண்டு. இருபத்தேழைக் கழித்தால் எழுபது. உண்டு. முப்பத்தாறுக்கு அறுபத்தொன்று. உண்டு. ஒவ்வொன்றாகக் கழித்து எழுதிக்கொண்டே போனாள். பன்னிரண்டில் ஒன்பது.

மணி பதினொன்று முப்பத்தைந்து. எழுந்தவள் ஓடினாள்.

ஆய்வுக்கூடத்துக்கும் அண்ணி இருக்கும் வளர்ப்புக் கூடத்துக்கும் நடுவில் ஒரு முற்றம். ஐம்பது அடி இருக்கும். அந்த ஐம்பது அடிக்குள் சொட்டுவின் மூளை ஒரு நல்ல வழியைக் கண்டுபிடித்தது. 'மறு சோதனை பண்றோம், அட்டைகளைத் தொடாதீங்க' என்று மட்டும் சொன்னால் போதும். நாளைக்குப் புதுப் பட்டியல் போடலாம். திருத்தப்பட்டது என்று ஒரு வரி. யார் கேட்கப் போகிறார்கள்? முட்டையும் பிழைக்கும், தன் மானமும் பிழைக்கும். வாசல்படி ஏறும்வரை அந்த வழி நன்றாகத்தான் இருந்தது.

உள்ளே அடுப்பின் மேல் பெரிய பாத்திரம். அதன் அருகே கூடையில் எண்பத்துமூன்று அட்டைகளும் அப்படியே இருந்தன. பாத்திரத்தில் தண்ணீர் வற்றி, அடியில் தீய்ந்த வாடை வந்துகொண்டிருந்தது. சொட்டு பாய்ந்துபோய் அடுப்பை அணைத்தாள். அண்ணி அதைக்கூடக் கவனிக்கவில்லை. ஜன்னலோரம் மேசையில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள்.

மேசையில் இரண்டு குவியல் காலிக் கூடுகள். இடது பக்கம் அண்ணி தேர்ந்தெடுத்த பன்னிரண்டு. வலது பக்கம் ஆய்வுக்கூடம் தேர்ந்தெடுத்த பன்னிரண்டு. ஒரு கையில் இதிலிருந்து ஒன்று, மறு கையில் அதிலிருந்து ஒன்று. அழுத்திப் பார்த்து, தலையாட்டி, வைத்துவிட்டு, அடுத்த ஜோடியை எடுத்தாள்.

"அண்ணி, என்ன பண்றீங்க?"

"யாரு, சொட்டா? வா, வா." அண்ணி கண்ணைத் திறந்தாள். முகத்தில் ஒரு தெளிவு. "மூணு நாளா உக்காந்து பழக்கிட்டு இருக்கேன். உன் கூடுங்களை நல்லதுன்னு சொல்லக் கத்துக்கோ கத்துக்கோன்னு இந்தக் கைக்குச் சொல்லிக்கிட்டே இருக்கேன். கேக்கவே மாட்டேங்குது, திமிர். தொட்ட உடனே மோசம்னு சொல்லுது. ஆனா இன்னிக்குக் காலையிலேருந்து கொஞ்சம் கொஞ்சமாப் புரியற மாதிரி இருக்குடி. இந்தா பாரு, இந்த ஐம்பத்தொம்பது. மெலிசாத்தான் இருக்கு. ஆனா ஒரு மாதிரி வழவழன்னு இருக்குல்ல? அதுதான் போல ரகசியம். ஐயோ, தண்ணி! அடுப்பை மறந்தே போயிட்டேன். மணி என்ன?"

சொட்டு ஐம்பத்தொன்பதாம் கூட்டைக் கையில் வாங்கினாள். சொத்தைக் கூடு. அவள் விரலுக்கே தெரிந்தது, அண்ணி விரலுக்குத் தெரியாதா? இருபத்திரண்டு வருஷமாகப் பொய் சொல்லாத கையை உட்காரவைத்து, மூன்று நாளாகப் பொய் சொல்லப் பழக்கியிருக்கிறாள். அதுவும் இவளை நம்பி.

முற்றத்தில் கண்டுபிடித்த நல்ல வழி அந்த இடத்திலேயே செத்துப்போனது.

"அண்ணி, அது மோசமான கூடுதான். உங்க கை சொன்னது சரி. நான் தட்டைத் திருப்பி வச்சுட்டேன்."

"எந்தத் தட்டை?"

சொட்டு சொன்னாள். மூலையைச் சொன்னாள், பார்சலைச் சொன்னாள், காலியாக வந்த முதல் குழியையும், அதற்குத் தான் எழுதிய சாக்கையும் சொன்னாள். சொல்லச் சொல்ல அழுகை வந்துவிட்டது. முப்பத்துமூன்று வயதில் மூக்கை உறிஞ்சிக்கொண்டு நின்றாள்.

அண்ணி முழுக்கக் கேட்டாள். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"எத்தனை?"

"ஒம்போது."

அண்ணி தன் குவியலைப் பார்த்தாள். வலது கையைத் திருப்பி உள்ளங்கையைப் பார்த்தாள். அப்புறம் இடது கையால் அந்த வலது கையைத் தடவிக்கொடுத்தாள், யாரோ அடிபட்ட குழந்தையைத் தடவுவது மாதிரி. "மூணு நாளாத் திட்டினேன்டி இதை" என்றாள். கண் கலங்கிப்போயிற்று. அடுத்த நொடி ஐம்பத்தொன்பதாம் கூடு சொட்டுவின் நெற்றியில் வந்து விழுந்தது. நாற்பது, எழுபத்துநாலு, எண்பத்தாறு என்று ஆய்வுக்கூடத்துக் குவியல் முழுவதும் ஒவ்வொன்றாகப் பறந்து வந்தது. நல்லவேளை, கூடு காலி, வலிக்கவில்லை.

"வழவழன்னு இருக்காம், வழவழன்னு! இதைப் போய் ரகசியம்னு நினைச்சேனே! கடைக்காரன் எனக்கு அழுகல் தக்காளி குடுத்தான், தெரியுமா உனக்கு? வாங்கிட்டு வந்தேன்!" என்று கத்தினாள். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்து அவளுக்கு மூச்சு வாங்கியது. சொட்டு தரையில் உட்கார்ந்து, விழுந்த கூடுகளைப் பொறுக்கியபடியே சிரித்தாள், அழுதாள். எதை எப்போது செய்தாள் என்று அவளுக்கே தெரியாது.

அந்த நேரம் பார்த்து டாக்டர் வாசலில் வந்து நின்றார். ஒரு கையில் பெட்டி, மறு கையில் கடிதம். "இது என்ன அண்ணி? விரலுக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டவர், தீய்ந்த பாத்திரத்தையும் தரையில் உருளும் கூடுகளையும் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

சொட்டு எழுந்து நின்று இரண்டாவது முறை எல்லாவற்றையும் சொன்னாள். இந்த முறை அழாமல் சொன்னாள்.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றினார். மூன்று வருஷமும் எட்டுத் தலைமுறையும் அந்தக் கூடையில் இருந்தன. "அண்ணி தண்ணியை மறக்கலேன்னா இந்நேரம்..." என்று ஆரம்பித்தவர், கூடையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, "நானும்தான் வெயில் மேல பழியைப் போட்டுட்டுப் போயிட்டேன். தராசும் கையும் ஒண்ணு சொல்லுது, மெஷின் ஒண்ணு சொல்லுதுன்னா நின்னு யோசிச்சிருக்கணும். கால் மிச்சம் இருக்கா?" என்றார்.

பூச்சிக்கு ஆறு கால். சோதனைக்கு இரண்டுதான் செலவாகும். மிச்சம் குளிர்பெட்டியில் எண்ணோடு பத்திரமாக இருந்தது.

மறு சோதனைக்கு அண்ணியும் கூடவே வந்தாள். இத்தனை வருஷத்தில் ஆய்வுக்கூடத்துக்குள் அவள் உட்கார்ந்ததே இல்லை. புதுத் தட்டைக் கையில் வாங்கி, விளிம்பு முழுக்கக் கட்டைவிரலால் ஒரு சுற்றுச் சுற்றினாள். "இதுல தலை எது, கால் எதுன்னு எப்படித் தெரியும்? இதை வச்சுக்கிட்டு வேலை பாக்கச் சொன்னா யாரா இருந்தாலும் தப்புத்தான் பண்ணுவாங்க" என்றாள். பிறகு இழுப்பறையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்து, பெட்டியிலிருந்த ஐம்பது தட்டுகளுக்கும் ஒவ்வொன்றாக இடது மூலையை வெட்ட ஆரம்பித்தாள். மெஷின் ஓடி முடிக்கும்வரை அந்தக் கறுக் கறுக் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

நாலு மணிக்குப் பதில் வந்தது. முதல் குழியில் ஆள் இருந்தது. தொண்ணூற்றாறு காலி. ஒன்பது ஒத்துப்போயிற்று.

"அப்ப என்னோட மிச்சம் மூணு? நாப்பத்திரெண்டு, எழுபத்தேழு, தொண்ணூத்தொண்ணு?" அண்ணி விடுவதாக இல்லை. "எழுபத்தேழை எடுத்துப் பாருங்க டாக்டர். அதை வெந்நீர்ல போட எனக்கு மனசு வராது."

"அடையாளம் இல்லையே அண்ணி."

"உங்களுக்குத் தெரிஞ்ச அடையாளம் இல்ல. தெரியாத அடையாளம் ஏதாவது இருந்தா?"

அந்தக் கேள்விக்கு டாக்டரிடம் வெந்நீர்கூட இல்லை. "சரி, இந்தத் தலைமுறைக்குப் பதினஞ்சு அட்டை" என்றார். கிளம்பும்போது இன்னொன்றும் சொன்னார். இனி இரண்டு பட்டியலும் வந்தால்தான் தேர்வு. இரண்டில் ஐந்து எண்ணாவது ஒத்துப்போகாவிட்டால் முட்டையை யாரும் தொடக் கூடாது. இதைச் சுற்றறிக்கையாகவே போட்டுவிடுகிறேன் என்றார். அண்ணியின் பட்டியலை முதன்முறையாக ஒருவர் கேட்டு வாங்கப் போகிறார்.

அன்று சாயங்காலம் வீட்டில் சமையலுக்கு முன்னால் அண்ணி கடைக்குப் போய்வந்தாள். அரை மணி நேரம் நின்று தக்காளி பொறுக்கினாளாம். கடைக்காரர் ரொம்பச் சந்தோஷப்பட்டார் என்று அண்ணன் சொன்னார். அவர் முகத்திலும் மூன்று நாளைக்குப் பிறகு ரத்தம் ஓடியது.

"லெட்டரை வாபஸ் வாங்கணும்ல, இன்னொண்ணு எழுதிக் குடு" என்றாள் அண்ணி. "காரணம் கேட்டா வெயில்னு போட்டுடு. ஆபீஸ் காகிதத்துல உன் பேரு எதுக்கு?"

சொட்டு அடுப்பங்கரை மேசையில் உட்கார்ந்து எழுதினாள். முன்னதைவிட அழகாக, ஒவ்வொரு எழுத்தையும் நிறுத்தி எழுதி, அண்ணியிடம் நீட்டினாள். அண்ணி கண்ணாடியை மாட்டிக்கொண்டு சத்தமாகப் படித்தாள்.

"ஐயா, என் நாத்தனார் சோதனைத் தட்டைத் திருப்பி வைத்துவிட்ட காரணத்தால், என் கைவிரல்கள் மீது தவறாகச் சந்தேகம் ஏற்பட்டது. என் கைகளில் எந்தக் குறையும் இல்லை. இருபத்திரண்டு ஆண்டுகளாக அவை சொன்னது சரி. எனவே முந்தைய கடிதத்தை ரத்து செய்து..."

நிறுத்தினாள். "வெயில்னு போடச் சொன்னேன்ல?"

"வெயில் ஒண்ணும் பண்ணல அண்ணி. நான்தான் பண்ணேன்."

அண்ணி மறுபடி மேலேயிருந்து படித்தாள். 'என் கைகளில் எந்தக் குறையும் இல்லை' என்ற வரிக்கு வந்ததும், காது சரியாகக் கேட்காதவருக்குச் சொல்வதுபோல், உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்த அண்ணனுக்குக் கேட்கும்படி இரண்டு முறை படித்தாள். கீழே கையெழுத்துப் போட்டாள். எழுந்துபோய்க் குளிர்சாதனப் பெட்டிக் கதவில், இரண்டு பட்டியலுக்கும் நடுவில், காந்தத்தை வைத்து ஒட்டினாள்.

"அது டாக்டருக்கு எழுதினது அண்ணி."

"அவருக்கு வேற எழுதிக் குடு" என்றாள் அண்ணி. "இது இங்கதான் இருக்கும்."